தோட்டச் சங்கம் நடத்துவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

பிரித்தானியாவில் வாழும் எமது வாசகர்களில், வீட்டுத் தேவைக்குப் பயிர் செய்ய உள்ளூராட்சிக் கவுன்சில்கள் வாடகைக்கு விடும் அலொட்மென்ட் தோட்டங்களில் துண்டுக் காணி வைத்திருப்போர் பலர். முளைக்கீரையும் பயிற்றங்காயும் பூசணியும் போடுவதற்காக அங்கே சென்றவர்களில் சிலர், இப்போது அந்தத் தோட்டச் சங்கங்களின் செயலாளராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்றிருப்பது அண்மைக் காலமாக வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இந்த இதழில் பயிர் பற்றிய கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, சங்க நிர்வாகம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சட்டம் பற்றிக் கூறியிருப்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் 2015ஆம் ஆண்டின் சமூக வலுவூட்டல் சட்டத்தில் இதற்கென வேறு ஏற்பாடுகள் உள்ளன.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் அறுபது துண்டுகள் இருக்கின்றன. இதுவரை வாடகை வாங்குவது, வேலி திருத்துவது, தண்ணீர்க் கட்டணம் செலுத்துவது எல்லாவற்றையும் கவுன்சிலே செய்துவந்தது. இப்போது முழு நிர்வாகத்தையும் சங்கம் பொறுப்பேற்கலாம், 25 ஆண்டுக் குத்தகை தருகிறோம் என்று கேட்கிறார்கள். வாடகை முழுவதும் சங்கத்துக்கே சேரும் என்பதால் உறுப்பினர்கள் பலருக்கு மகிழ்ச்சி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏற்கலாமா?
(ஹாரோ வாசகர்)

பதில்: ஏற்கலாம், ஆனால் வாடகைப் பணம் கைக்கு வருகிறது என்பதை மட்டும் பார்த்து ஏற்க வேண்டாம். கையெழுத்து வைப்பதற்கு முன்பு, உங்கள் நிலம் சட்டப்படியான அலொட்மென்ட் நிலமா, தற்காலிகமாக விடப்பட்ட நிலமா என்பதைக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அலொட்மென்ட் தேவைக்கென்றே வாங்கப்பட்ட அல்லது ஒதுக்கப்பட்ட நிலமாயின், 1925ஆம் ஆண்டு அலொட்மென்ட் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் அமைச்சருடைய (வேல்ஸில் வேல்ஸ் அமைச்சர்களுடைய) இணக்கம் இல்லாமல் கவுன்சில் அதை விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ முடியாது. இடம்பெயர்க்கப்படும் தோட்டக்காரர்களுக்குப் போதிய மாற்று நிலம் கிடைக்கிறதா என்ற கேள்வியும் அப்போது எழும். வீடமைப்புக்கோ வீதிக்கோ மயானத்துக்கோ என்று வாங்கி, அந்த வேலை தொடங்கும்வரை தோட்டம் செய்ய விட்டிருக்கும் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. நீண்ட காலமாகப் பயிர் செய்து வருகிறோம் என்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நிலத்தின் நிலை தெரியாமல் 25 ஆண்டுக் குத்தகையின் பெறுமதியை நீங்கள் கணக்கிடவே முடியாது.

அடுத்தது குத்தகைப் பத்திரம். அதில் இரண்டு இடங்களை நின்று நிதானித்து வாசியுங்கள். முதலாவது, திருத்த வேலைகள் யாருடைய பொறுப்பு என்ற பகுதி. எல்லைவேலி, உள்வீதி, நிலத்தடித் தண்ணீர்க் குழாய், எல்லையோரத்து மரங்கள் ஆகியவை அனைத்தும் சங்கத்தின் தலையில் விழுந்தால், துண்டொன்றுக்கு ஆண்டுக்கு 60 பவுண் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் வருவது 3,600 பவுண். அயல் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய மரத்தைத் தொழில் தெரிந்தவரைக் கொண்டு வெட்டுவித்தாலே அந்த ஆண்டின் மிச்சம் முழுவதும் போய்விடக்கூடும். பழைய கொட்டில்களின் நெளிகூரைத் தகடுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தால், அதை உடைக்காமல் உரிய முறையில் அகற்றும் செலவும் சேரும். ஆகவே பொறுப்பேற்கும் முன்பு கவுன்சில் உத்தியோகத்தருடன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து, பழுதாக இருப்பவற்றைப் படம் பிடித்து, அவற்றைத் திருத்தித் தந்த பிறகே குத்தகை தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாவது, காலம் முடியும் முன்பே குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்ற வாசகம். அந்த உரிமை கவுன்சிலுக்கு மட்டும் இருந்தால் ஒப்ப வேண்டாம். சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்த ஆள் இல்லாமற் போகும் காலமும் வரலாம். அப்போது உங்களுக்கும் வெளியேற வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது விடயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. யாப்பு, அதாவது அமைப்பு விதிகள், மட்டும் எழுதி வைத்திருக்கும் சாதாரணச் சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளுரு கிடையாது. அது தன் பெயரில் குத்தகை எடுக்க முடியாது. நான்கு பேருக்கு மேற்படாத நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு சங்கம் கடன்பட்டாலோ, வழக்கொன்று வந்தாலோ, அந்த நால்வரின் சொந்தப் பணத்தையும் தேடி வர இடமுண்டு. பங்கு மூலதனமின்றி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிதி நடத்தை ஆணையத்தில் பதிவாகும் கூட்டுறவு அல்லது சமூக நலச் சங்கமாகவோ மாறிக்கொண்டால், உறுப்பினரின் பொறுப்பு ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும். ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் அனுப்பும் வேலை கூடும் என்பது உண்மைதான். ஆயினும், அறுபது துண்டுக்கான குத்தகையை வெறும் யாப்பை நம்பி நான்கு ஓய்வூதியக்காரர்களின் பெயரில் எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பொதுப் பொறுப்புக் காப்புறுதி எந்த நிலையிலும் கட்டாயம் வேண்டும். கோர்பியில் இயங்கும் தேசிய அலொட்மென்ட் சங்கத்தில் உங்கள் சங்கம் உறுப்பினரானால் அதற்கான வழியும், குத்தகைப் பத்திரத்தை வாசித்துச் சொல்லும் உதவியும் கிடைக்கும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் சுமக்க முடியாது என்று தோன்றினால், படிப்படியாக ஏற்கிறோம் என்று கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலையும் வாடகை வசூலையும் மட்டும் முதலில் சங்கத்திடம் விடும் முறையும் நடைமுறையில் உள்ளதே.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் முதியவர் ஒருவரின் துண்டு இரண்டு கோடைகளாகப் புல் மண்டிக் கிடக்கிறது. மனைவி இறந்த பிறகு அவர் வருவது குறைந்துவிட்டது. பக்கத்துத் துண்டுக்காரர் களை பரவுகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முறையிடுகிறார். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். செயலாளராக நான் என்ன செய்வது?
(கிறொய்டன் வாசகர்)

பதில்: முதலில் அவருடைய வீட்டுக்குப் போங்கள். கடிதம் அதன் பிறகு. துக்கத்தில் இருப்பவருக்குச் சங்கத்தின் முத்திரையோடு வரும் எச்சரிக்கைக் கடிதம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துண்டு முழுவதையும் வைத்திருக்க விரும்புகிறாரா, பாதியை விட்டுக்கொடுக்கச் சம்மதமா, உதவிக்கு ஒருவரைச் சேர்த்தால் தொடர்வாரா என்று கேளுங்கள். பழைய அளவில் பத்து றொட், அதாவது சுமார் 250 சதுர மீற்றர் கொண்ட முழுத் துண்டு, எழுபத்தைந்து வயதில் தனி ஆளுக்கு மிக அதிகம். அதில் கால்வாசியை நெஞ்சு நோகாமல் கொத்தி வைத்திருக்கக்கூடியவர்கள் உண்டு. துண்டைப் பிரித்து அவர் வழக்கமாக நிற்கும் பக்கத்தை, கொட்டிலும் பழமரமும் இருக்கும் பக்கத்தை, அவருக்கே விடுங்கள்.

பக்கத்துத் துண்டுக்காரரின் முறைப்பாட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. பைண்ட்வீட் கொடியின் வெள்ளை வேர் நூடில்ஸ் போலச் சட்டென்று ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைக்கும். கௌச் புல்லின் கூரிய வேர்நுனி உருளைக்கிழங்கையே துளைத்துக்கொண்டு போவதைக் கிண்டி எடுத்தவர்கள் பார்த்திருப்பார்கள். நடைபாதைக்கு அடியால் இவை வந்துவிட்டால் அவர் பல ஆண்டுகள் அவதிப்பட வேண்டியிருக்கும். ஆகவே பேச்சு நடக்கும் காலத்திலேயே, எல்லையோரமாக ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக்கி, மிச்சத்தைப் பூப்பதற்கு முன் வெட்டி, ஒளி புகாத கறுப்புத் தறப்பாள் விரித்துவிடுவதற்குச் சங்கமே ஒரு சனிக்கிழமை ஆட்களைத் திரட்டலாம். பழைய கம்பளம் விரிக்க விடாதீர்கள். அதிலுள்ள சாயமும் இரசாயனமும் மண்ணில் இறங்கும் என்பதாலும், மட்கிய பின் நார்நாராகக் கிழிந்து மண்ணோடு கலந்துவிடும் என்பதாலும் பல கவுன்சில்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன.

இனிச் சட்டம். கவுன்சில் நேரடியாக வாடகைக்கு விட்ட துண்டாயின், 1908ஆம் ஆண்டுச் சிறுபண்ணை, அலொட்மென்ட் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, வாடகை 40 நாளோ அதற்கு மேலோ நிலுவையில் இருந்தாலும், தோட்டம் எடுத்து மூன்று மாதம் கழிந்த பின் விதிகளை மீறினாலும், ஒரு மாத அறிவித்தல் கொடுத்து வெளியேற்றலாம். சங்கம் குத்தகைக்கு எடுத்து உறுப்பினருக்கு விட்டிருக்கும் இடத்தில், வாடகை ஒப்பந்தத்தில் அதற்கான வாசகம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல், வாய்ப்பேச்சில் துண்டைக் கொடுத்திருந்தால், பயிர்க்காலத்தை ஒதுக்கி 12 மாத அறிவித்தல் கொடுக்க வேண்டிய நிலைதான் வரும். அது ஏப்ரல் 6ஆம் திகதியன்றோ அதற்கு முன்போ, அல்லது செப்டெம்பர் 29ஆம் திகதியன்றோ அதற்குப் பின்போ முடிவடைய வேண்டும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உங்கள் முதியவருக்கு இன்று காட்டும் இரக்கம், நாளை நீங்கள் அறியாத ஒரு பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். நோய், மரணம், பிள்ளைப்பேறு ஆகிய காரணங்களுக்காக ஓராண்டு விலக்கு அளிக்கலாம் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் விதியாகவே நிறைவேற்றிவிடுங்கள். அதோடு ஆண்டுக்கு மூன்று முறை, நிர்வாக சபையினர் இருவர் சேர்ந்து எல்லாத் துண்டுகளையும் பார்வையிட்டு, ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துத் திகதியோடு கோவையில் வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பசுந்தாள் உரத்துக்கு விதைத்த இடமும், பழச்செடி நின்ற இடமும், அடுத்த பருவத்துக்காக மூடிவைத்த இடமும் பயிர் செய்த இடமாகக் கணக்கிடப்படும் என்றும் எழுதிவிடுங்கள். முறைப்பாடு வந்த துண்டை மட்டும் போய்ப் பார்க்கும் சங்கத்தில் பகை வளராமல் இராது.

இன்னொன்று: துணைவர் இறந்தால் துண்டு தானாக மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் அப்படிச் சேராது. கணவன் மனைவி இருவரும் உழைக்கும் துண்டுகளில் இருவர் பெயரையும் இப்போதே பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: காத்திருப்போர் பட்டியலில் என் தம்பியின் பெயர் பதினோராவது. நான் நிர்வாக சபையில் இருப்பதால் அவரை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று தலைவரே சொல்கிறார். செய்யலாமா?
(இல்போர்ட் வாசகர்)

பதில்: செய்யாதீர்கள். தலைவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் பத்துப் பேரைத் தாண்டி ஒருவருக்குத் துண்டு கிடைத்த செய்தி தோட்டத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மறைந்திருக்காது. துண்டொன்று காலியானால், பட்டியலின் முதல் பெயருக்கு எழுத்தில் அறிவித்து, இரண்டு வாரம் தவணை கொடுத்து, அவர் மறுத்தால் அடுத்தவரை அழையுங்கள். உங்கள் தம்பிக்கு விரைவில் கிடைக்க வேண்டுமானால், காலியாகும் முழுத் துண்டுகளை அரைத் துண்டாகப் பிரித்துக் கொடுக்கும்படி கூட்டத்தில் முன்மொழியுங்கள். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அதனால் பயன் உண்டு. பட்டியலில் உள்ள முகவரிகளும் தொலைபேசி எண்களும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட வேண்டாம்.

கேள்வி: சங்கத்தின் செலவில் ஒரு லொறி குதிரைச் சாணம் இறக்கி உறுப்பினர்களுக்குப் பங்கிட்டோம். அதைப் போட்டவர்களின் தக்காளியும் பயிற்றையும் இலை சுருண்டு, நுனி முறுகி நிற்கின்றன. சோளம் மட்டும் நன்றாக இருக்கிறது. வைரஸ் நோயா? நட்டஈடு கேட்டு எங்களோடு சண்டைக்கு நிற்கிறார்கள்.
(லெஸ்டர் வாசகர்)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், குறிப்பாகச் சோளம் தப்பியிருப்பது, வைரஸைக் காட்டவில்லை, களைகொல்லி எச்சத்தையே காட்டுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் முட்செடியையும் டொக் செடியையும் அழிக்க அமினோபைரலிட் என்ற மருந்தை அடிக்கிறார்கள். அது புல்லை ஒன்றும் செய்யாது. அகன்ற இலைச் செடிகளை மட்டுமே கொல்லும். அந்தப் புல்லையோ வைக்கோலையோ தின்ற குதிரையின் வயிற்றிலும் அது அழிவதில்லை. சாணத்தோடு வெளியே வந்து, மண்ணில் நார் மட்கும்போது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, அவரை, பட்டாணி, பயிற்றை ஆகியவை மிக நுண்ணிய அளவுக்கே வாடிவிடும். புதிய இலைகள் கிண்ணம் போலக் குவிந்து, நரம்புகள் நெருங்கி, பன்னச் செடியின் இளந்தளிர் போலச் சுருளும். புல்லினமாகிய சோளத்துக்குப் பாதிப்பில்லை. 2008ஆம் ஆண்டில் பிரித்தானியாவெங்கும் அலொட்மென்ட் தோட்டங்களில் இதே பாதிப்புக் கண்டு, அந்த மருந்தின் விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டது. பின்னர் கட்டுப்பாடுகளோடு மீண்டும் வந்தது.

சாணம் போட்ட இடத்தில் இந்த ஆண்டு சோளம் போன்றவற்றைத் தவிர வேறொன்றும் நட வேண்டாம். மண்ணைப் பலமுறை கொத்திப் புரட்டி, நுண்ணுயிர்கள் வேலை செய்ய விடுங்கள். அவைதான் அந்த மருந்தை முறிக்கும். மிஞ்சிய சாணக் குவியலைப் பொதுக் கொம்போஸ்ட்டில் சேர்க்காமல், கொண்டுவந்தவரையே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எந்தப் பசளை வந்தாலும் பங்கிடுவதற்கு முன்பு சோதித்துப் பாருங்கள். குவியலின் பல இடங்களிலிருந்து சாணம் எடுத்து, கடைக் கொம்போஸ்ட்டுடன் சரிபாதியாகக் கலந்து மூன்று சாடிகளில் நிரப்புங்கள். வெறும் கொம்போஸ்ட் மட்டும் இட்ட இன்னும் மூன்று சாடிகளைத் தள்ளி வையுங்கள். ஒன்றின் தண்ணீர் மற்றதில் வழியக் கூடாது. ஒவ்வொன்றிலும் மூன்று புரோட் பீன்ஸ் விதை போட்டு நான்கு வாரம் காத்திருங்கள். சாணச் சாடியில் மட்டும் இலை குவிந்து சுருண்டால் அந்த லொறியை ஏற்க வேண்டாம். இதற்குச் செலவு சில பவுண்களுக்கு மேல் போகாது. மாசி மாதத்திலேயே வீட்டு யன்னலோரத்தில் செய்துவிடலாம்.

நட்டஈட்டுச் சண்டையைப் பொறுத்தவரை, சங்கம் தானே வாங்கிப் பங்கிட்டிருப்பதால் உறுப்பினரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சாணத்துக்காக அவர்கள் கொடுத்த பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாணம் தந்தவரிடம், எந்த நிலத்துப் புல், என்ன மருந்து அடித்தது என்பதை எழுதிக் கேளுங்கள். அந்தக் கேள்வியைச் சங்கம் இனி எப்போதும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கேள்வி: பழைய கொட்டிலொன்றைத் துப்புரவு செய்தபோது நத்தைக்குப் போடும் நீலக் குளிசைகள் நிறையக் கிடைத்தன. உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாமா?
(கொவென்ட்ரி வாசகர்)

பதில்: பெட்டியில் மெட்டல்டிஹைட் என்று இருந்தால் கொடுக்கக் கூடாது. 2022 ஏப்ரல் முதல் பெரிய பிரித்தானியாவில் அதைத் திறந்த வெளியில் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் அது நஞ்சு. கவுன்சிலின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். ஃபெரிக் பொஸ்பேற் குளிசைகளுக்குத் தடையில்லை.

கேள்வி: இந்தக் கோடையில் தண்ணீர்க் கட்டணம் இரண்டு மடங்காகிவிட்டது. ஹோஸ் குழாயை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு பகுதியினர், பொதுத் தொட்டியில் வாளியால் மொண்டு ஊற்ற முதுகு இடம்கொடாது என்று இன்னொரு பகுதியினர்.
(ஹெய்ஸ் வாசகர்)

பதில்: தடை பற்றி வாக்கெடுப்பதற்கு முன்பு ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் மாலை எல்லாக் குழாய்களையும் பூட்டி, தொட்டிகள் நிரம்பி நின்ற பின் மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை யாரும் வருமுன் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் நிலத்தடிக் குழாயிலோ தொட்டியின் மிதவை வால்விலோ ஒழுகுகிறது. வறண்ட மாதத்தில் பாதையோரத்து ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பது நல்லது. பாசி அடைத்து முழுதாக மூடாத மிதவை வால்வு இரவும் பகலும் வழிந்துகொண்டே இருக்கும். சத்தம் இல்லாததால் எவரும் கவனிப்பதில்லை.

ஒழுக்கு இல்லையென்றால் பிறகு விதி. தெளிப்பான்களைத் தடைசெய்யுங்கள். கையில் பிடித்து ஊற்றும் ஹோஸை வயதானவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் அனுமதிக்கலாம். ஆனால் குழாயில் பின்னோட்டத்தைத் தடுக்கும் இரட்டைத் தடுப்பு வால்வு பொருத்தியிருக்க வேண்டும். ஹோஸின் நுனியைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி விட்டுப் போவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்: பிரதான குழாயில் அழுத்தம் குறையும் வேளையில் தொட்டியின் அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுபட்டுவிடும். 1999ஆம் ஆண்டுத் தண்ணீர் பொருத்துகள் ஒழுங்குவிதிகள் இதற்காகவே இருக்கின்றன. தண்ணீர்க் கம்பனி ஹோஸ் தடை அறிவித்தால் அது அலொட்மென்ட் தோட்டத்துக்கும் பொருந்தும் என்பதை அறிவித்தல் பலகையில் எழுதி வையுங்கள்.

மழைநீரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். நான்கு சதுர மீற்றர்க் கொட்டில் கூரை, பத்து மில்லிமீற்றர் மழையில் நாற்பது லீற்றர் தரும். பீலியும் மூடியுள்ள பீப்பாயும் இல்லாத கொட்டிலுக்கு இனி அனுமதி இல்லை என்று விதி செய்த சங்கங்களைப் பாராட்டுகிறேன்.

கேள்வி: கீரையும் பச்சை மிளகாயும் மிஞ்சுகின்றன. தமிழ்க் கடையில் கொடுத்துப் பணம் வாங்குவது குற்றமா?
(ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: 1922ஆம் ஆண்டுச் சட்டம், முழுமையாக அல்லது பெரும்பாலும் தன் குடும்பத்தின் தேவைக்காக மரக்கறியும் பழமும் பயிரிடும் துண்டையே அலொட்மென்ட் தோட்டம் என்கிறது. தேவைக்குப் பயிரிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது ஒன்று. விற்பதற்கென்றே துண்டு முழுவதும் கீரை விதைப்பது வேறொன்று. இரண்டாவது, மலிவான வாடகையில் தொழில் நடத்துவதாகும். காத்திருப்போருக்கு அது அநியாயம். மிஞ்சியதைக்கூட விற்கக் கூடாது என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். முதலில் உங்களுடையதை வாசியுங்கள். சங்கத்தின் வாசலில் மேசை போட்டு மிச்ச மரக்கறியை வைத்து, வரும் பணத்தைச் சங்க நிதிக்குச் சேர்க்கும் ஏற்பாடு பல இடங்களில் நன்றாக நடக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் தமிழர். ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான்கைந்து பேர்தான் வருகிறார்கள். பிறகு, புடலங்காய்க்குப் பொலித்தீன் கூடாரம் போட அனுமதி மறுத்துவிட்டார்கள், நம்மை ஒதுக்குகிறார்கள் என்று குறைப்படுகிறார்கள். இவர்களை எப்படி வரவழைப்பது?
(சட்டன் வாசகர்)

பதில்: குறைப்படுபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கூடாரத்தின் உயரமும் அகலமும் எவ்வளவு இருக்கலாம் என்ற விதியை நிறைவேற்றிய கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா? பாகலும் புடலையும் இந்த நாட்டின் கோடையில் திறந்த வெளியில் காய்ப்பது அருமை. ஏப்ரலில் வீட்டுக்குள் முளைக்கவைத்து, ஜூனில் கூடாரத்துக்குள் நடுவதே நம்பகமான வழி. இதை அறியாத நிர்வாக சபை, கூடாரத்தைப் பார்வைக்கு இடைஞ்சலான ஒரு பொலித்தீன் என்று மட்டுமே காணும். எடுத்துச் சொல்லும் கடமை நமக்குத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம் என்பதைப் பலர் வெளியே சொல்வதில்லை. ஆகவே கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே நிகழ்ச்சி நிரலைத் தமிழில் சுருக்கி எழுதி வாசலில் ஒட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் அதோடு, எழுத்தில் தரும் கேள்வியைச் செயலாளர் கூட்டத்தில் வாசிப்பார் என்ற ஒழுங்கையும் ஏற்படுத்தினோம். பேசாதவர்களின் கேள்விகள்தான் அதிகம் பயன்பட்டன. ஆனால் நிர்வாக சபையில் தமிழர் பெரும்பான்மையான பிறகு, கூட்டத்திலே தமிழில் கதைத்து முடிவெடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பிறகு சொல்லும் பழக்கம் சில இடங்களில் வந்திருப்பதாக அறிகிறேன். அது மிகத் தவறு. எல்லோருக்கும் விளங்கும் மொழியிலேயே விவாதமும் முடிவும் குறிப்பும் இருக்க வேண்டும். பொருளாளரின் கணக்கை நிர்வாக சபையில் இல்லாத ஒருவர் சரிபார்ப்பதும், காசோலைக்கு உறவினரல்லாத இருவர் கையெழுத்து வைப்பதும் கட்டாயம்.

கேள்வி: எங்கள் பகுதியில் அலொட்மென்ட் தோட்டமே இல்லை. பக்கத்து ஊர்ப் பட்டியலையும் மூடிவிட்டார்கள். புதிதாக நிலம் கேட்க முடியுமா?
(மில்டன் கீன்ஸ் வாசகர்)

பதில்: முடியும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்தப் பகுதியில் வாழும் வாக்காளர்களோ கவுன்சில் வரி செலுத்துவோரோ ஆறு பேர் எழுத்தில் கேட்டால், அந்தக் கோரிக்கையைக் கருத்திற்கொள்ள அதிகாரசபை கடமைப்பட்டிருக்கிறது. தேவை இருப்பதாகக் கண்டால் போதிய துண்டுகளை ஏற்பாடு செய்வதும் அதன் கடமை. எப்போது என்பதற்குச் சட்டத்தில் காலவரையறை இல்லை. உள் லண்டன் நகரப் பிரிவுகளுக்கு இந்தக் கடமை கிடையாது. உங்கள் பகுதிக்கு உண்டு. உங்கள் ஊரில் பாரிஷ் கவுன்சில்கள் எனப்படும் சிறு உள்ளூர்ச் சபைகள் இருப்பதால், கடிதத்தை மில்டன் கீன்ஸ் நகரக் கவுன்சிலுக்கு அனுப்பாமல் உங்கள் பாரிஷ் கவுன்சிலின் எழுதுவினைஞருக்கு அனுப்ப வேண்டும்.

கடிதத்தில் ஆறு பேரின் பெயர், முகவரி, கையெழுத்து, 23ஆம் பிரிவின் கீழ் கோருகிறோம் என்ற வரி, எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு நிலம் தேவை என்ற விவரம் ஆகியவை போதும். ஆறு பேரோடு நிற்காமல், தமிழ்ப் பள்ளி, கோவில், தேவாலயம், பக்கத்து வீட்டு ஆங்கிலேயர், போலந்துக்காரர் என்று எல்லோரிடமும் விருப்பப் பட்டியல் சேர்த்து இணையுங்கள். ஒரு சமூகத்தின் கோரிக்கையாக அது தோன்றக் கூடாது. பயன்படாமல் கிடக்கும் நிலம் ஏதும் உங்கள் கண்ணில் பட்டால் வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். கோரிக்கை எந்தக் கூட்டத்தில் எடுக்கப்படும் என்று கேட்டறிந்து, அன்று மாலை ஆறு பேரும் நேரில் போய் அமருங்கள். பாரிஷ் கவுன்சில் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை.